டியூப் தழும்பு என்று நான் சொன்னது

என்னிடம் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் மீது நான் பொய்ப் பழி போட்டேன். ஒரு மனிதர் வாயில் புற்று வந்து இறந்தார். அதன் முதல் அடையாளத்தை அவள் கண்டுபிடித்து என்னிடம் சொன்னாள், எழுதியும் வைத்தாள். நான் அதைத் தள்ளிவிட்டேன். பின்னால் அவருடைய வீட்டார் வந்து கேட்டபோது, அவள் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை என்றேன். அவளை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டே சொன்னேன். இதற்குக் காரணங்கள் உண்டு. சொல்கிறேன். ஆனால் அவற்றில் ஒன்றுகூட இதைக் குறைக்காது.

நான் பல் மருத்துவன். இப்போது எழுபத்து நான்கு வயது. சென்னையில் படித்துவிட்டு, தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு இரும்புக் கடையின் மாடியில் கிளினிக் வைத்தேன். எங்கள் ஆட்கள் பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர்கள். குடும்பத்தில் முதலில் தராசை விட்டுவிட்டுப் பல் பிடுங்குகிற கொறட்டைப் பிடித்தவன் நான். அந்தப் பெருமை எனக்கு அதிகமாகவே இருந்தது. உப்பளத்துக்காரர்கள் வருவார்கள். துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள், கடைக்கார அண்ணாச்சிகள், கடற்கரைத் தெருக்களில் இருந்து மீன்பிடிக்கிறவர்கள், சங்கு குளிக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். பல் வலி சாதி மதம் பார்ப்பதில்லை. கிளினிக் நிறைந்தே இருந்தது.

அவள் கடற்கரைத் தெருப் பெண். அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர், அண்ணன் சங்கு குளிக்கிறவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பத்தொன்பது வயதில் வேலை கேட்டு வந்தாள். சாமான்களைக் கழுவ வேண்டும், கொதிக்க வைக்க வேண்டும், வருகிறவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று சொன்னேன்.

அவ்வளவுதான் வேலை என்று அதற்குப் பிறகும் பல வருடம் வெளியில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு வாய்க்குள் வேலை செய்ய நான்கு கைகள் வேண்டும். நாக்கை ஒதுக்கிப் பிடிக்க ஒரு கை, ஊறுகிற எச்சிலையும் இரத்தத்தையும் குழாயால் உறிஞ்ச ஒரு கை, விளக்கைத் திருப்ப, சிமெண்ட் குழைக்க, பயந்து நெளிகிற குழந்தையின் நெற்றியில் உள்ளங்கையை வைக்க. என் இரண்டு கைகள் செய்தது வேலையில் பாதி. இரண்டாவது வருடத்திலேயே நான் கையை நீட்டுவதற்கு முன் எனக்கு வேண்டிய கருவி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துவிடும். நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். தன் கையைத் தானே யாராவது திரும்பிப் பார்ப்பார்களா?

பிறகு பல் சுத்தம் செய்கிற வேலையையும் அவளிடம் கொடுத்தேன். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் படிகிற காரையை எடுக்கிற அந்த வேலையை, அதற்கென்று படித்துப் பதிவு செய்தவர்களோ டாக்டரோதான் செய்யலாம். அவளிடம் அந்தச் சான்றிதழ் கிடையாது. நான் சொல்லிக் கொடுத்தேன், அவள் செய்தாள். அதற்கான இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது என்று அவளே விசாரித்துக்கொண்டு வந்து ஒருமுறை கேட்டாள். "போய்ப் படிச்சிட்டு வரட்டா சார்?" "நீ போயிட்டா இங்க யாரு பார்க்கறது?" என்றேன். மறுபடி கேட்கவில்லை. இப்படித்தான் அவளுடைய கையில் ஒரு தாளும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். பின்னாளில் அது எனக்கு வசதியாகிவிட்டது.

நான் பத்து நிமிடத்தில் செய்கிற சுத்தத்தை அவள் முக்கால் மணி நேரம் செய்வாள். அந்த முக்கால் மணி நேரமும் அவள் கண் அந்த வாய்க்குள்ளேயே இருக்கும். அதனால் என்னைவிட அவள் அதிகம் பார்த்தாள். எனக்கும் இது தெரியும். அதற்காக ஒரு முறை வைத்திருந்தேன். நோயாளியின் முன்னால் அவள் எதுவும் சொல்லக் கூடாது. எதையாவது கவனித்தால் அந்த நோயாளியின் கார்டின் வலது ஓரத்தில் பென்சிலில் எழுதி வைக்க வேண்டும். நான் பார்ப்பேன். சரி என்று பட்டால் என் வார்த்தைகளில், பேனாவில், கார்டின் நடுவில் எழுதுவேன். சாயங்காலம் கிளினிக் மூடுவதற்கு முன் எல்லாக் கார்டுகளையும் எடுத்து, ஓரத்துப் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிடுவேன். டாக்டரின் கார்டில் டாக்டரின் எழுத்து மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அவள் கண்டுபிடித்த எத்தனையோ சொத்தைகளும் சீழ்க்கட்டிகளும் ஈறு நோய்களும் இப்படி என் கண்டுபிடிப்புகளாக மாறின. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் அதில் தவறு ஏதும் இருப்பதாக நினைக்கவில்லை.

ஆனால் நோயாளிகளுக்குக் கண் இருந்தது. "அந்த அம்மா இருக்காவளா?" என்று கேட்டுக்கொண்டு படியேறுவார்கள். கடற்கரைத் தெருக்காரர்கள் விளையாட்டாக அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அறுபது வயதை நெருங்கியிருந்தேன். கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. அந்த வார்த்தை ஒவ்வொரு தடவை காதில் விழும்போதும் எனக்குள் ஏதோ குத்தியது. பொறாமை என்று அப்போது அதற்குப் பெயர் வைக்கவில்லை.

அந்தச் சங்குகுளிக்காரர் அவளுடைய தெருதான். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. எங்கள் கடற்கரையில் முத்துக் குளிப்பு நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டாலும் சங்குக்காக இன்னும் இறங்குகிறார்கள். படகில் காற்று அடிக்கிற இயந்திரம் ஓடும். அதிலிருந்து வருகிற ரப்பர் டியூபின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு அடியில் மணிக்கணக்கில் இருப்பார்கள். அதனால் இவர்களுடைய வாயில் சில அடையாளங்கள் இருக்கும். முன்பற்கள் தேய்ந்திருக்கும். உதட்டோரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் ரப்பர் உரசி உரசித் தோல் தடித்து வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். டியூப் தழும்பு என்று நாங்கள் சொல்வோம். அது ஒன்றும் செய்யாது. அதற்குள் அப்படி நூறு வாய்களாவது பார்த்திருப்பேன்.

அன்று அவர் பல் சுத்தம் செய்ய வந்திருந்தார். நான் அடுத்த நாற்காலியில் ஒரு கடைக்காரருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது கேட்டது.

"ஏளா, நான் கடலுக்குள்ள எறங்கிச் சங்கு எடுக்கேன். நீ என் வாய்க்குள்ள எறங்கிக் காரை எடுக்க. ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்."

"ஒங்களுக்குச் சங்கு கெடைக்கி அண்ணே. எனக்கு இங்கன பொயலக் கறதான் கெடைக்கி."

"பொயல மெல்லாட்டா குளிரு எப்பிடித் தாங்கும்? நீ வேணா ஒரு நாளு வந்து குளிச்சிப் பாரு."

"வாயத் தொறங்க. பேச்செல்லாம் பெறகு."

அதன் பிறகு அரை மணி நேரம் கருவியின் சத்தம் மட்டும். பிறகு அவள் கார்டோடு என்னிடம் வந்தாள். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்ததை விரலால் காட்டினாள். நாக்கின் இடது அடிப்புறம் வெள்ளைப் படை, துணியால் தேய்த்தும் போகவில்லை, ஒரு விளிம்பு சிவப்பு, டியூப் தழும்பு இல்லை. இவ்வளவும் குட்டி எழுத்தில், அழுத்தி எழுதியிருந்தது.

"ஒரு நிமிசம் நீங்களே பாருங்க சார்."

'டியூப் தழும்பு இல்லை' என்ற கடைசி வார்த்தைகள்தான் எனக்குக் கோபமூட்டின. பார்த்ததை எழுதலாம், இது இல்லை, அது என்று முடிவு சொல்ல இவள் யார்? எழுந்து போய்ப் பார்த்தேன். துணியால் நாக்கைப் பிடித்து இழுத்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் படை. அவள் எழுதியபடியேதான் இருந்தது.

"டியூப எந்தப் பக்கம் கடிப்பீரு?" என்று கேட்டேன்.

"எடப்பக்கம் ஒதுக்கித்தான் அய்யா கடிக்கது."

"அப்ப அதான். ரப்பர் உரசுன தழும்பு. வாய் கொப்பளிக்க மருந்து எழுதித் தாரேன்."

அப்போது அவள் முறையை மீறினாள். நோயாளியின் முன்னாலேயே பேசினாள். "சார், டியூப் அவ்வளவு உள்ள போகாது சார். முன்னாலதான் கடிப்பாங்க. இது நாக்குக்கு அடியில, ரொம்பப் பின்னால. எங்க அண்ணனும் இருவது வருசமாக் கடிக்கான், அவனுக்கு..."

"உங்க அண்ணன் எந்தக் காலேஜ்ல படிச்சான்?" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கடைக்காரர் வாயில் பஞ்சோடு சிரித்தார். சங்குகுளிக்காரரும் சிரித்தார். "டாக்டரய்யாவுக்கும் டாக்டரம்மாவுக்கும் சண்டையால்லா இருக்கு" என்றார்.

"நீ சக்ஷனைப் பிடி, போதும்" என்று அவளிடம் சொன்னேன். அவள் உறிஞ்சு குழாயை எடுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது சரி. அவளுடைய வீட்டில் டியூப் கடிக்கிறவன் இருந்தான். அந்த ரப்பர் வாய்க்குள் எதுவரை போகும் என்பது அவளுக்குத் தெரியும். நான் ஒரு நாளும் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததுகூட இல்லை. அது தெரிந்தும் அவருடைய வாய்ச் சதையில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பாமல், கொப்பளிக்கத் தண்ணி மருந்து எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வழக்கம்போல ரப்பரை எடுத்தேன். அந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்தேன்.

எட்டு ஒன்பது மாதம் கழித்து அவர் வந்தார். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. நாக்கு ஒரு பக்கம் அசையவில்லை. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மதுரைக்கு எழுதி அனுப்பினேன். அங்கே நாக்கில் பாதியை எடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவு பேசிய மனிதர் கடைசி மாதங்களில் சிலேட்டில் எழுதிக் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். ஒரு வருடம் போல இருந்தார். அடக்கத்துக்கு நான் போனேன். மாலை போட்டேன்.

பதினாறு நாள் கழித்து அவருடைய தம்பியும் இன்னும் மூன்று பேரும் மாடியேறி வந்தார்கள். மதுரையில் ஒரு டாக்டர், "இதை ஒரு வருசம் முன்னாடியே பல் டாக்டர் பார்த்திருக்கணுமே" என்று சொல்லியிருக்கிறார்.

"அண்ணன் வாய இங்கன யாரு பாத்தா?" என்று தம்பி கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உட்காரவும் இல்லை.

என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் இது: "சுத்தம் பண்றப்ப முழுசாப் பார்க்கறது அவதான்."

"தழும்பு, ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னதா அண்ணன் சொன்னாவளே."

"அது கன்னத்துல இருந்த தழும்பு. எல்லாச் சங்குகுளிக்காரனுக்கும் இருக்கறது. நாக்குக்கு அடியில இருந்ததை எனக்கு யாரும் காட்டல."

இவ்வளவு நேர்த்தியான பொய்யை நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. கேட்ட நொடியில் வந்தது. பிறகு அவளைக் கூப்பிட்டேன். கையுறையோடு வந்து நின்றாள். "ஏம்மா, அவரு நாக்குக்கு அடியில இருந்ததை ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். "சொன்னேன் சார். கார்டுலயும் எழுதி வச்சேன்."

கார்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். "இதுல உன் எழுத்து எங்க இருக்கு? காட்டு."

நீல மையில் என் எழுத்து மட்டும் இருந்தது. அவள் ஒரு கையின் உறையைக் கழற்றினாள். கார்டை எடுத்து வலது ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள். அழுத்தி எழுதிய பென்சிலை எவ்வளவு அழித்தாலும் தாளில் பள்ளம் போகாது. அது எனக்கும் தெரியும். தடவிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கார்டை மேசை மேல் வைத்துவிட்டாள்.

தம்பி அவள் பக்கம் திரும்பினார். "ஏளா, நீ எங்க தெருக்காரி. ஒன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டது எங்க அண்ணன். அவரு வாய்க்குள்ள சாவு இருந்ததப் பாத்துட்டு, ஒன் வாய மூடிக்கிட்டு இருந்திருக்க."

அவர்கள் போன பிறகு அவளும் கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மறுநாள் வரவில்லை. நான் கூப்பிட்டு ஆள் அனுப்பவில்லை. அன்று அவள் போன உடனே கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எழுத்துக்கள் தெளிவாகத் தெரிந்தன. கிழித்து, இரத்தப் பஞ்சு போடுகிற சிவப்புப் பையில் போட்டேன்.

இதோடு முடித்திருந்தால்கூட ஒரு வகை. சில மாதம் கழித்து ஊரின் வேறொரு பல் டாக்டர் போனில் கேட்டார். "உங்ககிட்ட இருந்த பொண்ணு வேலை கேட்டு வந்திருக்கு. எப்படி?" "கை சுத்தம்தான். கவனம் போதாது" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். ஊரில் எந்தப் பல் கிளினிக்கிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. தெருவில் கொலைகாரி என்று யாரும் கூப்பிடவில்லையாம். ஆனால் இறந்தவரின் வீட்டு வழியாகத் தண்ணீர் எடுக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும் என்று என் கிளினிக்குக்கு வந்த இன்னொரு பெண் சொன்னாள். நான், "அப்படியா" என்று கேட்டுக்கொண்டே ஊசி போட்டேன். அவள் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறாள் என்றும் அந்தப் பெண்தான் சொன்னாள். ஒரு நாள் காலையில் கம்பெனி வேனுக்காகப் பெண்களோடு அவள் நின்றிருந்ததைக் காரில் இருந்து பார்த்தேன். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

பத்து வருடம் போயிற்று. கை நடுக்கம் கூடிவிட்டதால் கிளினிக்கை ஒரு இளம் பெண் டாக்டரிடம் விட்டேன். போன வருடம் என் பல்லையே காட்டுவதற்காக அங்கே போனேன். சுத்தம் செய்தது, அதற்கென்று படித்த ஓர் இளைஞர். வேலை முடிந்ததும் அவரே என்னிடம் கண்ணாடியைக் கொடுத்து, எந்த இடத்தில் என்ன பார்த்தார் என்று விளக்கினார். கம்ப்யூட்டரில் தன் பெயரைப் போட்டுத் தன் குறிப்பைத் தானே எழுதினார். பிறகு டாக்டர் வந்து அதைப் படித்துவிட்டுப் பார்த்தார்.

"அவர் எழுதினதை நீங்க திருத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"ஒத்துக்கலேன்னா கீழே என் கருத்தை எழுதுவேன் சார். அவர் எழுதினதை எப்படி நான் அழிக்க முடியும்? என்னைவிட அவர்தான் அதிக நேரம் பார்க்கறார்" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

வாயில் இரத்தம் துடைத்த பஞ்சோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் அவளுடைய வீட்டைத் தேடிப் போனேன்.

வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவளுடைய கணவர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அவள் உட்காரச் சொல்லவில்லை. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அன்னைக்குக் கார்டுல தடம் தெரிஞ்சிது சார்" என்றாள் பிறகு. "வெரல்ல பட்டுது. வெளிச்சத்துல பிடிங்கன்னு அவுக தம்பிகிட்ட சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாவும்? நீங்களே எடுத்துக் காட்டுவீயன்னு நெனச்சிட்டேன். இருவத்திரெண்டு வருசம்லா. அதான் ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னேன்."

அந்தச் சங்குகுளிக்காரரிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே என்று கேட்கிற தைரியம்கூட எனக்கு இருந்தது. கேட்டேன்.

"சொன்னேனே. கடக்கரையில வச்சிச் சொன்னேன், அண்ணே பெரியாஸ்பத்திரியில ஒருக்கக் காட்டுங்கன்னு. 'டாக்டரய்யாவே தழும்புன்னுட்டாரு, ஒனக்கென்னளா தெரியும்'னு சிரிச்சாவ. வீட்டுல போயிச் சொல்லியிருக்க மாட்டாவ. அவுகளும் இப்ப வந்து சாச்சி சொல்லப் போறதில்ல."

பழைய கிளினிக்கில் பேசி வேலை வாங்கித் தருகிறேன், அந்தப் படிப்பு முடித்த பையனுக்குத் துணையாக இருக்கலாம் என்றேன். அவள் கைகளை விரித்து என் முன்னால் நீட்டினாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. "பத்து வருசம் ஐஸுக்குள்ள கெடந்த கை. ஈறுக்கு அடியில காரை இருக்கா இல்லையான்னு வெரலுதான சார் சொல்லணும்? இது இப்ப ஒண்ணும் சொல்லாது."

"நான் என்னதாம்மா செய்யணும்? மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்."

"எங்கிட்ட கேட்டு என்ன? நான் பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க அங்கன இருக்காவ. அவுகட்டப் போயிச் சொல்லுங்க."

மறு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிகிற நேரம் பார்த்து, இறந்தவரின் வீட்டுக்குப் போனேன். தம்பியும் அங்கேதான் இருந்தார். இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார். கலர் சோடா வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தார். இறந்தவரின் மனைவி உள்ளறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதி வைத்ததை, நான் அழித்ததை, கன்னம் நாக்கு என்று மாற்றிப் பேசியதை. மறைக்கவில்லை. தம்பியின் கண்கள் கலங்கின. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, ஒங்க பெரிய மனசு யாருக்கு வரும்? அவ இறால் கம்பெனியில கெடந்து சீரழியுதாளேன்னு ஒங்களுக்கு மனசு பொறுக்கல. அதுக்காவப் பழியத் தூக்கி ஒங்க தலையில வச்சிக்கிடுதீய."

"இல்லப்பா. நான் பொய் சொன்னேன்."

"பொய் சொல்லுத மூஞ்சியா அய்யா இது? சரி, அவ எழுதுன கார்டு எங்க? காட்டுங்க."

"கிழிச்சிட்டேன்."

அவர் அடம்பிடிக்கிற குழந்தையைப் பார்ப்பது போலச் சிரித்தார். "விடுங்க அய்யா. நாங்க அவளை இனிமே ஒண்ணும் சொல்லல. ஒங்க மொகத்துக்காவ மன்னிச்சிட்டோம். போதுமா?"

நாற்பது வருடம் சேர்த்த மரியாதை ஒரு சுவர் போல என் முன்னால் நின்றது. உண்மை அதைத் தாண்டி அந்தப் பக்கம் போகவில்லை. அப்போதுதான் அந்த மனைவி பேசினார்.

"அய்யா. நீங்க அன்னைக்கே கண்டுபிடிச்சி அனுப்பியிருந்தா, அவிய பொழச்சிருப்பாவளா?"

"மைனி, அத எதுக்கு இப்பக் கேக்கீய?" என்றார் தம்பி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதுதான் அந்த வீட்டில் எல்லாருக்கும் இரக்கமான பதில். எப்போது கண்டுபிடித்தாலும் விதி இதுதான் என்று சொன்னால் அந்த அம்மாவால் தூங்க முடியும்.

"பொழச்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சும்மா" என்றேன். "சின்னதாத்தான் இருந்துச்சு. அப்பவே வெட்டி எடுத்திருக்கலாம். பேச்சும் போயிருக்காது."

அவர் எழுந்தார். என் கையில் பாதி குடித்தபடி இருந்த கலர் பாட்டிலை வாங்கினார். வாசலுக்குப் போய் அதைத் தெருவில் கவிழ்த்துக் கொட்டினார். என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். "தப்பா நெனச்சிக்கிடாதீய அய்யா, அண்ணன நெனச்சாலே இப்பிடித்தான்" என்று தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அன்று சாயங்காலமே அவளைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். என்னிடம் வேலை பார்த்த காலத்தில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "அப்ப, இப்பவும் நல்லவரு நீங்கதான சார்? நான் மன்னிக்கப்பட்டவ." போனை வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அந்த அக்கா வந்தாவ" என்றாள். "பத்து வருசத்துல மொதத் தடவ என் வாசல்ல வந்து நின்னாவ. உள்ள வாங்கன்னேன். வந்து உக்காந்தாவ. 'ஒன்னக் காப்பாத்தப் பொய் சொல்ல வந்த ஆளா இருந்தா, என் புருசன் பொழச்சிருப்பாருன்னு சொல்லியிருக்க மாட்டாரு. அதான் நம்புனேன்'னாவ. பெறகு ரெண்டு பேரும் அழுதோம்."

"சந்தோஷம்மா" என்றேன்.

"சந்தோசமா? அவுகளுக்கு இனிமே ஒறக்கம் வராது சார்." என்றாள். "நீங்க இனிமே இங்கன வராதீய. வந்தீயன்னா என் கையால ஒரு டம்ளர் தண்ணி குடுக்க வேண்டியதா ஆயிரும். எனக்கு அதுல இஷ்டம் இல்ல."

சரி என்றேன். அதற்குப் பிறகு போகவில்லை. அந்த இரண்டு பெண்களும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சேர்ந்து போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தெருவில் மற்றவர்கள் தம்பி சொல்வதைத்தான் நம்புகிறார்கள். அவரை வழியில் பார்த்தபோது இரண்டு தடவை மறுத்துச் சொல்லிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டு எழுதியும் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீயளா அய்யா?" என்று கேட்டார்.

போன மாதம் அந்தத் தெருவில் இலவசப் பல் முகாம் நடத்தினார்கள். என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தம்பி வந்து நின்றார். அவள் பெயரைச் சொல்லி, அவளைக் கூப்பிட்டு மரியாதை செய்யுங்கள், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். மேடையில் என்னைப் பற்றிப் பேசினார்களாம். நான் வர மறுத்ததை என் அடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லி, கூட்டம் கைதட்டியதாம்.